மாவு மூட்டை கொடுத்தவரும் தியாகிதான்: டி.ஏ.ஆர். என்ற அமெரிக்கப் பெண்கள் சங்கம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற உறவினர் யாராவது இருந்தால், உறுதிமொழி எடுத்த நாளின் படங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையில் சின்னக் கொடியோடு சிரித்துக்கொண்டு நிற்பார். சில படங்களில் அவர் பக்கத்தில் வயதான பெண்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். மார்பில் நாடா, அதில் மேலிருந்து கீழாகக் குட்டிக் குட்டிப் பதக்கங்கள். அவர்கள் ராணுவத்தினரும் இல்லை, அரசு ஊழியர்களும் இல்லை. பல ஊர்களில் அந்தக் கொடியைக் கொடுத்துப் புதுக் குடிமக்களை வரவேற்பவர்கள் டி.ஏ.ஆர். என்ற சங்கத்தின் உள்ளூர்க் கிளைப் பெண்கள்.

முழுப்பெயர் டாட்டர்ஸ் ஆஃப் தி அமெரிக்கன் ரெவல்யூஷன். அமெரிக்கப் புரட்சியின் மகள்கள் என்று பொருள். பிரிட்டனை எதிர்த்து 1775இல் தொடங்கி 1783இல் முடிந்த விடுதலைப் போருக்குத் துணைநின்ற ஒருவரின் நேர்வாரிசாகப் பிறந்து, 18 வயது நிரம்பிய எந்தப் பெண்ணும் இதில் சேரலாம். இன்றைக்கு ஏறத்தாழ 1,90,000 உறுப்பினர்களும் 3,000 கிளைகளும் இருக்கின்றன. தொடங்கிய நாள்முதல் சேர்ந்தவர்களை எண்ணினால் 10 லட்சத்தைத் தாண்டும்.

பரம்பரைப் பெருமை பேசுகிற கூட்டம் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த எண்ணம் மாறியது. ஒன்று, யாரையெல்லாம் தியாகி என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. மற்றது, அதை நிரூபிக்க அவர்கள் கேட்கும் காகிதங்கள்.

சங்கம் பிறந்த கதை ஒரு மறுப்பில் தொடங்குகிறது. விடுதலைப் போர் வீரர்களின் ஆண் வாரிசுகள் 1889இல் தங்களுக்கென ஒரு தேசிய அமைப்பை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு, பெண்களைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். மேரி ஸ்மித் லாக்வுட் என்ற எழுத்தாளருக்கு அது பொறுக்கவில்லை. 1890 ஜூலை 13ஆம் தேதி வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் ஹன்னா ஆர்னெட் என்ற பெண்ணின் கதையை எழுதினார். 1776இல் போர் மோசமான கட்டத்தில் இருந்தபோது, சரணடைபவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று பிரிட்டிஷ் தரப்பு அறிவித்தது. நியூ ஜெர்சியில் ஆர்னெட்டின் வீட்டில் ஊர் ஆண்கள் கூடி, ஏற்றுக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் நுழைந்த ஹன்னா அவர்களைக் கோழைகள் என்று சாடி, கணவர் மன்னிப்பை ஏற்றால் அவரோடு வாழமாட்டேன் என்றாராம். ஆண்கள் எண்ணத்தைக் கைவிட்டார்கள். நாட்டை நிற்கவைத்ததில் பெண்களுக்குப் பங்கில்லையா என்ற கேள்வியை அந்த ஒரு கதையின் தோளில் ஏற்றி அனுப்பினார் லாக்வுட். ஹன்னாவின் கொள்ளுப்பேரனே அதைப் படித்துவிட்டு, பெண்கள் தனிச்சங்கம் அமைத்தால் உதவுகிறேன் என்று அதே நாளிதழுக்கு எழுதினார்.

அக்டோபர் 11ஆம் தேதி, வாஷிங்டனில் லாக்வுட் வசித்த இல்லத்தில் 18 பெண்கள் கூடினார்கள். நிறுவனர்களாக நால்வரைச் சொல்வார்கள்: லாக்வுட், மேரி டேஷா, எல்லன் ஹார்டின் வால்வொர்த், யூஜினியா வாஷிங்டன். யூஜினியா, ஜார்ஜ் வாஷிங்டனின் சகோதரர் வழியில் வந்தவர். பெயர் பெரிதாக இருந்தாலும், உள்நாட்டுப் போரில் நொடித்துப்போன குடும்பம். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துத்தான் பிழைத்தார். டேஷாவும் அப்படியே. சங்கத்தின் முதல் தலைவியாக, அப்போதைய குடியரசுத் தலைவரின் மனைவி கேரலைன் ஹாரிசன் பொறுப்பேற்றார்.

அவர்கள் தேர்ந்தெடுத்த சின்னத்தைப் பார்த்தால் நமக்கு ஒரு கணம் திகைப்பு வரும். ராட்டை! சக்கரமும் 13 நட்சத்திரங்களும், குறுக்கே ஆளிச்செடி நார் சுற்றிய கழியும். காந்திக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, பிரிட்டிஷ் துணியை வாங்கமாட்டோம் என்று அமெரிக்கப் பெண்கள் கூட்டங்கூட்டமாக அமர்ந்து நூல் நூற்றிருக்கிறார்கள். துப்பாக்கியையோ வாளையோ விட்டுவிட்டு ராட்டையைச் சின்னமாக வைத்ததே சங்கத்தின் கொள்கையைச் சொல்லிவிடுகிறது.

யார் தியாகி?

ஆங்கிலத்தில் அவர்கள் பயன்படுத்தும் சொல் பேட்ரியட். நம் ஊரில் தியாகி என்றால் சிறை சென்றவர், குண்டடி பட்டவர் என்று மனதில் வரும். இவர்களுடைய வரையறை அதைவிட அகலமானது. படையில் இருந்தவர்கள் உண்டு. புதிய அரசில் பதவி வகித்தவர்கள் உண்டு. மூன்றாவதாக, தேசத்தொண்டு என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். படைக்கு மாவு, மாடு, வைக்கோல் கொடுத்தவர், காயம்பட்டவருக்கு மருத்துவம் பார்த்தவர், புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழியில் கையெழுத்திட்டவர், படைச்செலவுக்கான வரி கட்டியவர், ஆதரவாகப் பிரசங்கம் செய்த பாதிரியார் என எல்லாரும் இதில் அடக்கம். பாஸ்டன் துறைமுகத்தில் 1773இல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியவர்களும் உண்டு. உதவிக்கு வந்த பிரெஞ்சு, ஸ்பானிய வீரர்களின் வாரிசுகளும் சேரலாம்.

பாஸ்டன் தேயிலை நிகழ்ச்சி போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், காலமும் கறாராக வகுக்கப்பட்டிருக்கிறது: 1775 ஏப்ரல் 19, லெக்சிங்டனில் முதல் துப்பாக்கி வெடித்த நாள், தொடங்கி 1783 நவம்பர் 26 வரை. அந்தக் காலம் முழுக்க ஆள் பக்கம் மாறாமல் இருந்திருக்க வேண்டும். பெனடிக்ட் ஆர்னால்டு போல ஆரம்பத்தில் வீரமாகப் போரிட்டுப் பிறகு எதிரியோடு சேர்ந்தவர்களுக்கு இடமில்லை.

எனக்கு இந்தச் சங்கத்தில் மிகவும் பிடித்தது இந்த அகலமான வரையறைதான். எந்தப் போராட்டமும் முன்வரிசையில் நின்றவர்களால் மட்டும் நடந்ததில்லை. ஒரு மாட்டையும் இரண்டு மூட்டை மாவையும் கொடுத்த விதவை, அதற்கான ரசீதில் தன் பெயரை விட்டுப் போயிருந்தால், 250 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ரசீதின் வழியாகவே அவர் நினைக்கப்படுகிறார்.

காகிதம் பேச வேண்டும்

எங்கள் கொள்ளுத்தாத்தா வாஷிங்டனோடு சேர்ந்து போரிட்டார் என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள் என்றால், அந்தச் சொல் இங்கே செல்லாது. விண்ணப்பிப்பவர் தன்னிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி ஏறவேண்டும். இவர் இன்னாரின் பிள்ளை, அவர் இன்னாரின் பிள்ளை என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஆதாரம் வேண்டும். பெரும்பாலும் ஏழெட்டுத் தலைமுறைகள். கிட்டத்துத் தலைமுறைகளுக்குப் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்கள். அதற்கு மேலே போகப் போக உயில், நிலப் பத்திரம், மக்கள்தொகைக் கணக்கு, கல்லறை எழுத்து, தேவாலயப் பதிவேடு, குடும்ப பைபிள். கிளையில் பதிவாளர் என்று ஒரு பொறுப்பு இருக்கிறது. காகிதங்களைத் தேடிச் சேர்க்க அவர் கூடவே இருந்து உதவுவார். கோப்பு வாஷிங்டன் தலைமையகத்துக்குப் போனதும், வம்சாவளி ஆய்வாளர்கள் ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு கண்ணி ஆடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாரிசு அப்பா வழியாகவும் வரலாம், அம்மா வழியாகவும் வரலாம். இடையில் எத்தனை பெண்கள் இருந்தாலும் தடையில்லை. அம்மா பழைய வர்ஜீனியாக் குடும்பம், அப்பா மதுரைக்காரர் என்றாலும் அந்தப் பெண் சேரலாம். கேட்பது ரத்தத்தொடர்பும் அதற்கான சான்றும்தான்.

இந்தத் தேடலில் நெஞ்சைத் தொடும் காகிதங்கள் வெளிவரும். போர் முடிந்து பல்லாண்டுகள் கழித்து, 1818இலும் 1832இலும் முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியம் தரச் சட்டங்கள் வந்தன. 1836இல் விதவைகளுக்கும் அது விரிந்தது. தள்ளாத வயதில் கிழவர்கள் நீதிமன்றத்தில் நின்று, எந்தத் தளபதியின் கீழ் எங்கே போரிட்டேன் என்று நினைவிலிருந்து சொன்னார்கள், குமாஸ்தா எழுதிக்கொண்டார். விதவைகளுக்கு வேறொரு சிக்கல். இவர்தான் என் கணவர் என்று எப்படி நிரூபிப்பது? பலர் வீட்டு பைபிளில் திருமணத்தையும் பிள்ளைகளின் பிறப்பையும் எழுதி வைத்திருந்த பக்கத்தை அப்படியே கிழித்து விண்ணப்பத்தோடு அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகக் கோப்புகளில் இருக்கின்றன. ஒரு பெண் தன் பைபிளைக் கிழித்திருக்கிறாள் என்றால், அந்த ஓய்வூதியம் அவளுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

தொலைந்துபோன காகிதங்களும் உண்டு. போர்த்துறை ஆவணங்கள் 1800 நவம்பரில் தீயில் எரிந்தன. சங்கம் பிறந்த 1890ஆம் ஆண்டில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் பெரும்பகுதி 1921இல் நடந்த தீவிபத்தில் போயிற்று. வம்சம் தேடுகிற எவரும் 1880க்கும் 1900க்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தில் ஒருமுறையாவது விழுந்து எழுந்திருப்பார்.

இந்த வலியை அறிந்ததால்தான் இச்சங்கத்துப் பெண்கள் காகிதம் சேர்ப்பதையே ஒரு தொண்டாக்கிக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போய்க் கல்லறை எழுத்துகளையும் வீட்டு பைபிள் குறிப்புகளையும் படியெடுத்து, தட்டச்சு செய்து, தொகுதி தொகுதியாகத் தலைமையகத்துக்கு அனுப்பினார்கள். இன்று அவை ஏறத்தாழ 20,000 தொகுதிகள். 1896இல் தொடங்கிய அவர்களுடைய நூலகம் அமெரிக்காவின் முக்கியமான வம்சாவளி நூலகங்களில் ஒன்று. உறுப்பினராக இல்லாதவரும் அங்கே போய்த் தேடலாம்.

காகிதத்தில் இல்லாதவர்கள்

ஆதாரம் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆதாரம் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்ததா என்பதையும் கேட்டாக வேண்டும். 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மகள்களும் வெறும் எண்ணிக்கை. 1850இலும் 1860இலும் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை போட்டார்கள். அதில் வயதும் பாலினமும் இருக்கும், பெயர் இருக்காது. உரிமையாளரின் பெயருக்குக் கீழே வரிசையாக மனிதர்கள், பெயரில்லாமல். அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடு கணக்கில் வந்தது 1870இல்தான்.

அவர்களும் இந்தப் போரில் இருந்தார்கள். ஏறத்தாழ 5,000 கறுப்பர்கள் விடுதலைத் தரப்பில் போரிட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். வர்ஜீனியாவில் அடிமையாக இருந்த ஜேம்ஸ், பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் முகாமில் வேலைக்காரராக நுழைந்து, கேட்டதையெல்லாம் விடுதலைப் படையின் தளபதி லாஃபாயெட்டுக்கு அனுப்பிய உளவாளி. 1781 அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் சரணடைந்தார். (அதே கார்ன்வாலிஸ்தான் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, திப்புவோடு போரிட்டு, 1792 உடன்படிக்கையில் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர்.) நாட்டின் விடுதலைக்கு உதவிய ஜேம்ஸுக்குத் தன் விடுதலை 1787இல்தான், அதுவும் வர்ஜீனியா சட்டமன்றத்தின் தனி ஆணையால், கிடைத்தது.

சங்கம் தன் வரலாற்றின் பெரும்பகுதியில் இவர்களை நினைக்கவில்லை. நினைக்காதது மட்டுமல்ல, கதவையும் சாத்தியது. உலகறிந்த நிகழ்ச்சி 1939இல் நடந்தது. மரியன் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகியின் கச்சேரிக்கு வாஷிங்டனில் உள்ள தங்கள் கான்ஸ்டிட்யூஷன் ஹாலைத் தர சங்கம் மறுத்தது. மேடையில் வெள்ளையர் மட்டும் என்பது அன்றைய நிபந்தனை. குடியரசுத் தலைவரின் மனைவி எலனார் ரூஸ்வெல்ட் சங்கத்தின் உறுப்பினர்; ராஜினாமா செய்தார். ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாடினார். 75,000 பேர் திரண்டு கேட்டார்கள். 1943இல் அதே ஹாலில் போர் நிவாரண நிதிக்காகப் பாடினார். 1964இல் தன் விடைபெறும் பயணத்தையும் அங்கிருந்தே தொடங்கினார். சங்கம் பின்னாளில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.

1977இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கேரன் ஃபார்மர் சேர்ந்தார். உறுப்பினரானவர்களில் அறியப்பட்ட முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அதோடு தீர்ந்துவிடவில்லை. 1984இல், காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தும் வாஷிங்டன் கிளை ஒன்றில் தன்னைச் சேர்க்கவில்லை என்று லீனா சான்டோஸ் ஃபெர்குசன் வெளியே சொன்னார். விவகாரம் நாளிதழ்களில் வெடித்தது. அவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின் ஒரு பகுதியாக, போரில் பங்கெடுத்த கறுப்பர்களைப் பற்றி ஆராய சங்கம் ஒப்புக்கொண்டது. அந்த உழைப்பு வளர்ந்து 2008இல் ஒரு பெரிய தொகுப்பாக வந்தது: போருக்குத் துணைநின்ற 6,600க்கும் மேற்பட்ட கறுப்பர்கள், பூர்வகுடிகளின் பெயர்கள். படைப்பட்டியல்களில் முதல் பெயர் மட்டும் எழுதி விடப்பட்டவர்களைக்கூட ஒவ்வொருவராகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தாமதம்தான், மிகப் பெரிய தாமதம். ஆனாலும் அந்தத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஒரு கறுப்பினப் பெண் தன் முன்னோரைத் தேடத் தொடங்க முடிகிறது.

கிளை என்ன செய்கிறது?

ஒரு கிளை தொடங்கப் 12 பேர் வேண்டும். பெரும்பாலும் உள்ளூர்த் தியாகி ஒருவரின் பெயரையோ, அந்த வட்டாரத்து வரலாற்றுப் பெயரையோ வைப்பார்கள். தலைவியை ரீஜென்ட் என்பார்கள். வரலாற்றைப் பாதுகாத்தல், கல்வி, தேசப்பற்று என்ற மூன்றுதான் வேலைத்திட்டம்.

கல்வி என்றால் கட்டுரைப் போட்டியும் உதவித்தொகையும் மட்டுமில்லை. மலைப்பகுதிப் பிள்ளைகளுக்காகத் தென் கரோலினாவில் 1919இலும், அலபாமாவில் 1924இலும் பள்ளிகளையே நிறுவினார்கள். குடியேறியவர்களுக்காக 1921இல் ஒரு கையேடு போட்டு, பல மொழிகளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். 1898 ஸ்பானியப் போரின்போது, சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் அனிட்டா நியூகம் மெகீ ஏறத்தாழ 1,000 செவிலியரைத் தேர்ந்து ராணுவத்துக்கு அனுப்பினார். 1901இல் ராணுவச் செவிலியர் படை உருவானதற்கு அது வழிவிட்டது. முதல் உலகப்போரில் தரைமட்டமான டில்லோலாய் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்குக் குடிநீர் வசதியை மீட்டுத் தந்தவர்களும் இவர்களே. செப்டம்பர் 17 முதல் 23 வரை அரசமைப்புச் சட்ட வாரம் கொண்டாடுவதும் இவர்கள் கேட்டு 1956இல் சட்டமானது.

உள்ளூரில் நடப்பவை இதைவிடச் சின்னவை. முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் போர்வையும் காலுறையும் கொண்டு போவது, டிசம்பரில் வீரர் கல்லறைகளில் மலர்வளையம் வைப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பது. தலைநகர் வாஷிங்டனின் எல்லையில் 1791–92இல் 40 கற்கள் நட்டார்கள். ஒரு நூற்றாண்டு கழிந்து அவை புதரில் மறையத் தொடங்கியபோது, 1915 முதல் ஒவ்வொரு கல்லாக இரும்பு வேலி போட்டுக் காத்தது இச்சங்கம். வேலிக்குள் இருப்பது ஒரு சின்னக் கல்தான். அந்தக் கவனம்தான் எனக்கு மதிப்பாகப் படுகிறது.

பழைய கல்லறைகளைச் சுத்தம் செய்வதும் அப்படியொரு வேலை. பார்க்க எளிது, தெரியாமல் செய்தால் எழுத்தே போய்விடும். கம்பி பிரஷ் கூடாது, பிளீச்சிங் கூடாது. கல்லைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, மென்மையான தூரிகையால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் அழுக்கு வழிந்து கறை படியாது. பாசி விலகி ஒரு பெயர் கண்ணுக்குத் தெரிய ஒரு மணிநேரம்கூட ஆகும்.

தவறு நேர்ந்ததும் உண்டு. 1776 நவம்பர் 16, நியூயார்க்கில் மன்ஹாட்டன் தீவின் வாஷிங்டன் கோட்டை. பீரங்கியருகே நின்ற கணவர் ஜான் கார்பின் இறந்து விழ, அவருடைய இடத்தில் நின்று பீரங்கியை இயக்கினார் மார்கரெட் கார்பின். கையிலும் மார்பிலும் தாடையிலும் காயம். 1779இல் காங்கிரஸ் அவருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் கொடுத்தது, ஒரு வீரரின் சம்பளத்தில் பாதி. ராணுவச் சேவைக்காக அப்படி ஓய்வூதியம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவர். வறுமையில் வாழ்ந்து 1800இல் இறந்தார். ஹட்சன் ஆற்றோரம் அவரைப் புதைத்த இடத்தை ஊர்க்காரர்களின் நினைவை வைத்துத் தேடி, 1926இல் சங்கத்துப் பெண்கள் ஓர் எலும்புக்கூட்டை எடுத்து, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக் கல்லறையில் மரியாதையோடு அடக்கம் செய்து, நினைவுச்சின்னமும் எழுப்பினார்கள். 90 ஆண்டுகள் அங்கே மலர்வளையம் வைத்தார்கள்.

2016இல் அருகே நடந்த கட்டுமான வேலையில் அந்தக் குழி கலைந்தது. எலும்புகளை ஆய்வு செய்தார்கள். அது ஓர் ஆணின் உடல். முடிவை 2017 டிசம்பரில் சங்கமே அறிவித்தது. மூடி மறைக்கவில்லை, நினைவுச்சின்னத்தைச் சீரமைத்து 2018 மே மாதம் மீண்டும் அவருக்கே அர்ப்பணித்தார்கள். கார்பினின் உண்மையான கல்லறை இன்னும் கிடைக்கவில்லை.